எந்தப் பெட்டியைவிட எந்தப் பெட்டி?

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவர்கள், எனக்குத் தெரிந்து, ஜவ்வாது மலையில் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று எங்கள் ஊர் வழியாகப் போளூருக்குப் போய்க்கொண்டிருந்த மதியப் பேருந்து. அதற்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தக் குறை வைக்கவில்லை. கணினித் திரையில் ஏழு பேர் கூடி, அதில் ஐந்து பேர் கேமராவை அணைத்துவிட்டு, முறைப்படி வழியனுப்பினார்கள்.

"இனிமேல் கையேடுகளை மென்பொருளே எழுதிக்கொள்ளும். நீங்கள் குடும்பத்தோடு நேரம் செலவிடலாம்" என்றார் மேலிடத்து ஐயா ஒருவர். அந்த நேரத்தில் என் குடும்பம், அதாவது நான்கு வயது நிலா, என் மடியில் உட்கார்ந்து விசைப்பலகையின் இடுக்குகளில் பொரியைச் செருகிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏற்கெனவே தேவையான அளவு நேரம் செலவிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

மென்பொருள் எழுதுவதைப் படித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்கு மூன்று இளையவர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. குழு மலர்ல போடணும்."

"ஆறு வருஷ வேலைக்கு அனுபவக் கட்டுரையாம்மா?"

"எங்களுக்கு அது சரித்திரம்கா."

எனவே சரித்திரத்தை எழுதுகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதிவிட்டும் யோசிப்பேன்.

நான் செய்த வேலையை என் கணவருக்கு விளக்க ஆறு வருடம் போதவில்லை. உங்களுக்கு ஒரு பத்தியில் சொல்லப் பார்க்கிறேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் பாவனை செய்யும் மென்பொருள் உண்டு. உள்ளே இருப்பது மெய்நிகர் கணினி. அதற்கென்று உடம்பு கிடையாது. ஆனால் தனக்கு ஒரு மூளை, அதாவது பிராசசர், இருப்பதாக அது நம்பும். என்ன மாதிரி மூளை என்று நாம்தான் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்தான் மாடல். இந்தப் பெட்டியில், அதாவது வெளியே இருக்கும் நிஜக் கணினியில், எந்தெந்த மாடல் ஓடும், ஒரு மாடலின் பெயரை விரித்தால் உள்ளே என்னென்ன வசதிகள் இருக்கும், இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் எப்படி, இரண்டுக்கும் பொதுவானது எது என்று அந்த மென்பொருளிடம் கேட்க நான்கு கட்டளைகள். அவற்றைக் கேட்பது எப்படி, வருகிற பதிலுக்கு என்ன பொருள் என்று எழுதுவது போன்றதுதான் என் வேலை.

என் கணவர் பழனி போளூருக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ, கேள்வி கேக்கறது எப்டின்னு எழுதறதுக்கு சம்பளம்?"

"ஆமாங்க."

"வூட்ல நீ சும்மாவே கேட்டுட்டுதானே இருக்கற."

பயிற்சிக் காலம் எட்டு வாரம். ஏழு வாரம் எதை எழுதக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எட்டாவது வாரம் சான்றிதழ் கொடுத்தார்கள். சரியாக எழுதக் கற்றது அதற்குப் பிறகு, நஸ்ரீன் மேடத்திடம்.

மேடம் வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பம். ஒரு தோலைத் தடவிப் பார்த்தே ஓட்டை எங்கே என்று அவர் அப்பா சொல்லிவிடுவாராம். மகளுக்கு அது வாக்கியத்தில் வந்திருந்தது. ஒருநாளும் கத்த மாட்டார். நான் எழுதியதைத் தொலைபேசியில் எனக்கே உரக்கப் படித்துக் காட்டுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்துவார். நிறுத்தம் சிறியது என்றால் வாக்கியம் பிழைத்தது. நிறுத்தம் நீண்டால் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவேன். அவருக்கு அது தெரியாது. ஆனாலும் நிற்பேன்.

"'மாடல் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்'னு எழுதியிருக்க. யாரும்மா தேர்ந்தெடுக்கணும்? நானா, நீயா, உங்க வூட்டுக்காரரா?"

"பயன்படுத்துறவங்க மேடம்."

"அப்ப அவங்களக் கூப்ட்டு சொல்லு. கல்யாணப் பத்திரிகை மாதிரி பொதுவா அடிச்சு வுடாத."

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. எழுதுகிற ஒவ்வொரு கட்டளையையும் எழுதுகிறவள் தன் விரலால் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் இன்னும் இரண்டு பேர் படித்துச் சரி சொல்ல வேண்டும். ஒருவர் அவர். இன்னொருவர் வாடிக்கையாளர்களுக்கு உதவும் பிரிவில் இருந்த சீனு, சித்தூர்க்காரர். நான் எதையும் மூன்று முறை பார்க்கிறவள். கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பியவள், பிறகு கதவைப் பூட்டினேனா என்று பார்க்க இன்னொரு முறை திரும்பியிருக்கிறேன். இந்த இரண்டு சட்டங்களும் எனக்காகவே போட்டதுபோல் இருந்தன.

திருமணமாகி, நிலாவும் பிறந்து, மலைக்கு வந்தபோது வேலையை விட்டுவிடத்தான் இருந்தேன். மேடம்தான் மேலிடத்தில் பேசி, ஒப்பந்தப் பணியாக மாற்றி, வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். "மலை மேல, கைக்குழந்தை வச்சிக்கினு, என்னத்தச் செய்யப் போறாங்க" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். "தப்பில்லாம செய்வா" என்று மேடம் பதில் சொன்னாராம். எனக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் இதை என்னிடம் சொன்னார். நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

இரண்டு வருடம் தப்பில்லாமல்தான் போனது. நிரந்தரப் பணிக்கான பரிந்துரையை மேடம் அனுப்பிய அதே மாதம், அந்த நான்கு கட்டளைகளின் பக்கம் என்னிடம் வந்தது.

மூன்று கட்டளைகள் தொந்தரவு தரவில்லை. மீதி ஒன்று, இரண்டு மாடல்களை ஒப்பிடும் கட்டளை. முதல் பெட்டியின் மாடல், இரண்டாம் பெட்டியின் மாடல் என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். நான்கு பதில்களில் ஒன்று வரும்: பெரியது, சிறியது, ஒன்றேதான், பொருந்தாது. நிரலை எழுதியவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார். அவர் விட்டிருந்த குறிப்பு ஒன்றரை வரி. பெரியது என்றால் எது பெரியது என்று அதில் இல்லை. அவருக்கு அதில் சந்தேகமே வந்திருக்காது, பாவம்.

ஆச்சரியம், எனக்கும் வரவில்லை. முதலாவதோடு இரண்டாவதை ஒப்பிட்டால் பெரியது. அப்படியென்றால் இரண்டாவதுதான் பெரியது. இதில் கேட்க என்ன இருக்கிறது? எழுதினேன்: பெரியது என்று பதில் வந்தால், முதல் பெட்டியில் உள்ள எல்லா வசதியும் இரண்டாம் பெட்டியில் உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஆகவே முதல் பெட்டியில் ஓடும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே தைரியமாக இரண்டாம் பெட்டிக்கு மாற்றலாம்.

சட்டப்படி விரலால் தட்டியும் பார்த்தேன். சோதனைக்கு எனக்குக் கொடுத்திருந்த இரண்டு பெட்டிகளும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை. 'ஒன்றேதான்' என்று பதில் வந்தது. இப்படி மாற்றிக் கொடுத்தேன், அப்படி மாற்றிக் கொடுத்தேன். ஒன்றேதான், ஒன்றேதான். 'சோதித்தாயிற்று' என்று கட்டத்தில் குறியிட்டேன்.

மேடம் படித்தார். நிறுத்தமே இல்லை. சீனு படித்துவிட்டு, "இந்த டேபிள் தெளிவா கீதுங்க, இதுவரைக்கும் யாரும் இப்டி எழுதல" என்றார். அது முழு உண்மை. யாரும் அப்படி எழுதியிருக்கவில்லை.

பக்கம் வெளிவந்த நான்காம் நாள், வெளிநாட்டு வாசகர் ஒருவர் அடியில் ஒரு வரி போட்டிருந்தார்: எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. உப்புப் போட்டேனா என்று மூன்று முறை ருசி பார்க்கிற நான், அன்று என்ன செய்தேன் தெரியுமா? மிகுந்த பணிவோடு பதில் எழுதினேன்: தங்கள் அக்கறைக்கு நன்றி, மூவர் சரிபார்த்த பக்கம், சரியாகவே உள்ளது. என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத வாக்கியம் அது ஒன்றுதான்.

அதற்கு மறுவாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கன்வாடியில் எடை போடும் நாள். நிலாவுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று மாதமாக எடை ஏறவில்லை. வளர்ச்சி அட்டையில் பச்சையின் அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது அவளுடைய புள்ளி. முட்டை, கேழ்வரகுக் கூழ், நிலக்கடலை உருண்டை எல்லாம் கொடுத்தாயிற்று. அவள் பெரும்பகுதியைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் நன்றாக எடை ஏறியிருந்தன.

செல்வி டீச்சர் எடை போடுகிற முறை எங்கள் ஊருக்கே உரியது. கிலோ எண்ணைச் சொன்னால் தாய்மார்களுக்குப் பிடிபடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆகவே ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார். இதனால் தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. எங்கள் எதிர்வீட்டுத் தாரணி நிலாவைவிட ஒரே வாரம் மூத்தவள். எனவே இந்த மலையில் எனக்கிருந்த ஒரே அளவுகோல் தாரணி.

டீச்சர் தாரணியைத் தராசில் வைத்து இறக்கினார். நிலாவை வைத்தார். முள்ளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"தாரணியவிட உன் பொண்ணு..."

அந்த இடத்தில் என் மண்டைக்குள் ஏதோ ஒன்று டக்கென்று நின்றது. முதலில் சொன்னது தாரணி பெயர். ஆனால் சேதி தாரணியைப் பற்றியது இல்லை, நிலாவைப் பற்றியது. நம் பேச்சில் முதலில் வருவது அளவுகோல், பின்னால் வருவதுதான் அளக்கப்படுவது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் இதை எப்படிச் சொல்வார்? அளக்கப்படுவதை முதலில் சொல்வார். அளவுகோல் பின்னால் வரும். நிரலை எழுதியவர் முதல் மாடல் என்றது அளவுகோலையா, அளக்கப்படுவதையா?

அந்த வெளிநாட்டு வாசகரின் வரி: எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

கூடவே முந்தைய நாள் மேடம் பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. மலைக்குக் கீழே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் எங்கள் வாடிக்கையாளர். பரிசோதனை முடிவுகளைத் தருகிற அவர்களுடைய மெய்நிகர் கணினி புதிய பெட்டியில் ஓடுகிறது. அதைச் செவ்வாய் இரண்டு மணிக்குப் பழைய பெட்டிக்கு மாற்றிவிட்டுப் புதியதைப் பழுது பார்க்கப் போகிறார்கள். சீனு என் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். புதியது முதல், பழையது இரண்டாவது என்று கட்டளை கொடுத்து, 'பெரியது' என்று பதிலும் வாங்கிவிட்டார்கள். "பழைய பொட்டிதான் கெட்டியாம், சீனு சொல்லிச் சிரிக்கறாரு" என்றார் மேடம். நானும் சிரித்தேன்.

நான் எழுதியது தலைகீழ் என்றால், இல்லாத வசதிகளைத் தேடி அந்தக் கணினி இரண்டு மணிக்கு மேல் நடுவேலையில் விழும். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

"டீச்சர், பொண்ணப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"இன்னாம்மா இது, சொல்லி முடிக்கல!" என்று பின்னால் குரல் கேட்டது.

வீட்டில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. எங்கள் ஊரில் கைபேசி எடுக்கும் இடம் மேட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஏறும்போதே வழக்கமான விசாரணை தொடங்கிவிட்டது. இது உண்மையான சந்தேகமா, என் தினசரிச் சந்தேகமா? சரியாக இருந்ததைத் தப்பென்று சொல்லி ஒரு மருத்துவ வேலையை நிறுத்திவிட்டால்? தப்பாகவே இருந்து, நான் வாய் திறந்தால் நிரந்தரப் பணி போய்விட்டால்? தப்பில்லாம செய்வா. யாராவது கேட்டார்களா மேடம் அப்படிச் சொல்லச் சொல்லி? தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். யாரும் கண்டுபிடிக்காமலே போகலாம் என்று ஒரு நிமிடம், ஒரே நிமிடம், கையில் கைபேசியோடு நின்றேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும், சரித்திரம் அல்லவா.

பிறகு கூப்பிட்டேன். சொன்னேன்.

மேடம் நிறுத்தினார். அவ்வளவு நீண்ட நிறுத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உட்காரவும் இடமில்லாமல், எழவும் வழியில்லாமல், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

"இதவிட அது பெருசு," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வீட்டு மொழியில், "இஸ் ஸே வோ படா." இன்னொரு நிறுத்தம். "அல்லா. எங்க வூட்லயும் அப்டித்தாம்மா சொல்றோம்."

சீனுவையும் அழைப்பில் சேர்த்தார். அவர் தெலுங்கில் முணுமுணுத்தார்: "தீனி கண்டே அதி பெத்ததி... அய்யய்யோ மேடம், எங்களுதும் அதே."

ஆக, எழுதியவள் தமிழ், சரிபார்த்தது உருது, மறுபடி சரிபார்த்தது தெலுங்கு. மூன்று மொழிக்காரர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒற்றுமையாகப் பள்ளத்தில் இறங்கியிருந்தோம். தலைகீழ் என்று சொன்ன ஒரே மனிதருக்கு நான் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

"இதெல்லாம் யூகம்," என்றார் மேடம். "தட்டிப் பாக்காம நான் அங்க போன் பண்ண மாட்டேன். வேற வேற பொட்டி இப்ப எங்க கெடைக்கும்?"

பயத்தில் சில சமயம் எனக்கு மூளை வேலை செய்யும். "வேற பொட்டி வேணாம் மேடம். ஒரே மாடலையே ரெண்டு வாட்டி குடுக்கலாம். ரெண்டாவதுல மட்டும் ஒரு வசதிய அணைச்சுட்டு. அப்போ முதல்லதுதான் பெரிசுன்னு நமக்கே தெரியும். அது இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

"சீனு, செய்ங்க."

சீனுவின் விசைகள் தட்டும் சத்தம் மலை வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"சீனு?"

"பெரியதுன்னு வந்துட்டுதுங்க."

முழுமையானது முதலில், பதில் 'பெரியது'. முதலாவதுதான் பெரியது. நான் எழுதியது அப்பட்டமான தலைகீழ்.

மணி பன்னிரண்டு நாற்பது. சீனு இன்னொரு கைபேசியில் பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. இன்னொரு முறை. மேடமும் நானும் அழைப்பில் அப்படியே இருந்தோம். மூன்றாம் முறை எடுத்த பொறுப்பாளர், எல்லோருக்கும் முன்னாடியே சாப்பிட்டு வந்துவிட்டதாகவும், இரண்டு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று இப்போதே தொடங்க உட்கார்ந்ததாகவும் சொன்னாராம். விரல் மேலே இருந்தது, தட்டவில்லை.

"கைய எடுத்துடுங்க சார்" என்று சீனு சொன்னது எங்களுக்கும் கேட்டது.

அதன் பிறகுதான் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மேடம், என் தப்பு. மேலிடத்துக்கு அப்டியே எழுதிடுங்க."

"படிச்சது யாரு?"

"நீங்க."

"நிறுத்தினனா?"

"இல்ல."

"அப்ப இன்னா எழுதணும்னு எனக்குத் தெரியும். நீ பக்கத்தத் திருத்து. முதல்லது, ரெண்டாவது எதுவும் வேணாம். அனுப்பற பொட்டி, வாங்கற பொட்டின்னு பேர் வை. எந்த ஊர்க்காரன் எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் மாறக் கூடாது. அப்புறம் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுது. 'தங்கள் அக்கறைக்கு நன்றி' போட்ட பாரு, அந்த மாதிரி இல்ல. மனுஷி மாதிரி எழுது."

எழுதினேன். இரண்டு வாரத்தில் நிரந்தரப் பணி ஆணை வந்தது. ஒரு பிழையைக் குறித்த நேரத்தில் கண்டுபிடித்த நுணுக்கத்தைப் பாராட்டி அதில் ஒரு வரி இருந்தது. பிழையைச் செய்தது யார் என்ற வரி இல்லை. மேடம் அனுப்பிய அறிக்கையில் 'நான் சரிபார்த்தேன்' என்று மட்டும் இருந்ததாகச் சீனு பிற்பாடு சொன்னார். தப்பை யார் செய்தது என்று சொல்லாத வாக்கியத்தை அவர் எழுதியது அந்த ஒருமுறைதான். அது யாரைக் காப்பாற்ற என்று எனக்கு விளங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னும் முடிக்கவில்லை. தொட்டி மேட்டிலிருந்து இறங்கி அங்கன்வாடிக்கு வந்தபோது ஒன்றரை மணி. பாதி வாக்கியத்தில் பெற்ற பெண்ணை விட்டுவிட்டுப் போனவள் என்று வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

"டீச்சர், தாரணியவிட என் பொண்ணு?"

"இன்னா, தாரணியவிட உன் பொண்ணு?"

"காலைல சொன்னீங்களே. கூடவா, கம்மியா?"

"நல்ல சேதி சொல்ல வாயத் தொறந்தா நீ ரயிலப் புடிக்கற மாதிரி ஓடிட்ட. அப்போ உன் பொண்ணு இருநூறு கிராம் கூட."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஜமாவா டீச்சர்? அட்டைல போட்டீங்களா?"

"இல்ல. நீ ஓடுனதப் பாத்து எனக்கே சந்தேகமாப் பூட்ச்சி. தராசுல எதுனா கோளாறு பாத்துட்டுதான் ஓடறியோன்னு. படிச்ச பொண்ணாச்சே. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டையும் மறுபடி தூக்கி வச்சேன்."

"என்ன வந்துச்சு?"

"தாரணி ரெண்டு தட்டு சாப்ட்டா. உன் பொண்ணு அவ பங்கக் கோழிக்குப் போட்டா." டீச்சர் அட்டையை என்னிடம் நீட்டினார். "இப்போ ரெண்டும் ஒண்ணேதான்."

ஒன்றேதான். சோதனையில் வந்த அதே பதிலை நம்பித்தான் இவ்வளவும் நடந்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த நிலாவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். "டீச்சர், கோச்சுக்காதீங்க" என்றேன். "தாரணி வேணாம். இவள மட்டும் இன்னொரு வாட்டி வச்சு, எத்தன கிலோன்னு மட்டும் சொல்லுங்க."